கல்லான உயிர்கள் – 9: வால் எலும்புக்கு வைத்த பெயர்

1828. கம்பெனி அதிகாரி கேப்டன் வில்லியம் ஸ்லீமன் ஜபல்பூர் பாரா சிம்லா குன்றுப் பக்கம் சில எலும்புகளைப் பொறுக்கினார். தக்கர் கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்கிப் பின்னாளில் பேர் வாங்கிய அதே ஸ்லீமன்தான். எடுத்தது என்ன விலங்கின் எலும்பு? ரிச்சர்ட் ஓவன் 'டைனோசர்' என்ற சொல்லை உருவாக்கவே இன்னும் 14 வருடம் இருந்தது.

வால் எலும்புகள் இரண்டை ஸ்லீமன் ஸ்பில்ஸ்பரி என்ற மருத்துவரிடம் கொடுத்தார். அவர் 1832இல் அவற்றைக் கல்கத்தாவில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப்புக்கு அனுப்பினார். ஆம், பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்த பிரின்செப்! பிறகு பல ஆண்டுகள் கழித்துப் புதைபடிவ ஆய்வாளர் ஹியூ ஃபால்கனர் பார்த்து, இது ஊர்வன இனம் என்றார். ஆனாலும் பெயர் வைக்க ஆள் வரவில்லை.

வந்தவர் ரிச்சர்ட் லைடெக்கர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். முள்ளெலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் கிண்ணம் போலக் குழி. பின்பக்கம் பந்து போல உருண்டை. ஓர் எலும்பின் உருண்டை அடுத்த எலும்பின் குழிக்குள் போய் உட்காரும். அப்போது தெரிந்திருந்த பெரிய டைனோசர்களின் வாலில் இந்த அமைப்பு இல்லை. கிரேக்கப் புராணத்தின் டைட்டன்களை நினைத்து, 1877இல் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். இந்தியாவில் பெயர் சூட்டப்பட்ட முதல் டைனோசர் இதுதான்.

வினை அந்த உருண்டையிலேயே இருந்தது. அர்ஜென்டினாவிலும் மடகாஸ்கரிலும் தோண்டத் தோண்ட அதே கிண்ணம், அதே பந்து. லைடெக்கர் அங்க அடையாளம் என்று நம்பியது ஒரு பெரிய வம்சத்துக்கே பொதுவான சாயல். அதை வைத்து இன்ன விலங்கு என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? வில்சன், அப்சர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் அந்தப் பெயர் செல்லாது என்று எழுதினார்கள். பிள்ளையின் பெயர் போனது. வீட்டுப் பெயர் மட்டும் நின்றது. பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகள் சிலவற்றை உள்ளடக்கிய அந்தக் கூட்டத்துக்கு இன்றைக்கும் டைட்டனோசர் என்றே பெயர்.

இதற்கிடையே ஸ்லீமனின் எலும்பு எங்கோ தொலைந்துபோயிருந்தது. 2012இல் அது கொல்கத்தாவில், லைடெக்கர் வேலை பார்த்த அதே துறையின் சேகரிப்பிலேயே அகப்பட்டது. அப்போது அதன் பெயர் செல்லாமல் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

(அடுத்த வாரம்: சிவன் பெயரைச் சுமந்த ஒட்டகச்சிவிங்கி உறவு)