அபயம் புகுந்தோரும் பரதேசிகளும்

ஊரிலிருந்து யாராவது ரொறன்ரோவுக்கு வந்தால் அவர்களை நாங்கள் வழமையாக மூன்று இடங்களுக்குக் கூட்டிச் செல்வோம். நயாகரா, சி.என். கோபுரம், கடைசியாகக் காசா லோமா. முதல் இரண்டிலும் கேள்விகள் எழுவதில்லை. மூன்றாவதில்தான் சிக்கல். சில வருடங்களுக்கு முன் வந்த பெரியம்மா ஒருவர் அந்தக் கோட்டையின் கொத்தளங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த ராசா கட்டினது?" என்று கேட்டார்.

ராசா ஒருவரும் இல்லை. நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தை விற்றுப் பணம் சேர்த்த சேர் ஹென்றி பெல்லாட் என்பவர் 1911க்கும் 1914க்கும் இடையில் கட்டிய வீடு அது. 98 அறைகள். பத்து வருடம்கூட நிம்மதியாக வாழக் கிடைக்கவில்லை. கடனில் மூழ்கி வெளியேறினார். வரிப்பாக்கிக்காக நகரசபை வீட்டை எடுத்துக்கொண்டது. 1937இலிருந்து ரிக்கற் விற்று உள்ளே விடுகிறார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியம்மா, "அப்ப உது எங்கட அப்புவின்ரை கல்வீட்டிலும் பார்க்க இளசு" என்றார். அந்தக் கல்வீடு 1990க்குப் பிறகு இல்லை.

லண்டன், பாரிஸ் உறவினரிடம் போய்வரும் நண்பர்கள் மத்திய காலக் கோட்டைகளின் படங்களோடு திரும்புகிறார்கள். அவற்றிலும் பல பிற்காலத்தார் திருத்திக் கட்டியவை. பிரான்சின் கார்க்கசோன் மதில்களில் இன்று காண்பதில் கணிசமானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் புனரமைப்பு. பொறாமை இருக்கத்தான் செய்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் தொட்டுப் பார்க்க அப்படி என்ன மிஞ்சியிருக்கிறது? நல்லூரை இடித்த போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். அதை ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுத் துண்டொன்று அந்தக் கோட்டைக்குள்தான் கிடைத்தது. ஏதோ ஒரு கோயிலுக்குக் கொடுத்த தானத்தின் சாட்சி, பீரங்கிச் சுவருக்குள் வெறும் கல்லாகக் கிடந்திருக்கிறது.

ஆகவே 2013இல் ஊருக்குப் போனபோது, உறவினர் வீடுகளுக்கு ஒதுக்கிய நாட்களில் சிலவற்றைக் கற்களுக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தோம். உண்மையைச் சொன்னால், நாங்கள் போனது உறுதி பார்க்கத்தான். காணி உறுதியைப் பெட்டகத்திலிருந்து எடுத்து விரித்துப் பார்ப்பதுபோல.

பொலனறுவை வாசலில் எங்களுக்கு வெளிநாட்டவர் ரிக்கற் தந்தார்கள். கனடாப் பாஸ்போட் வைத்திருப்பவர்கள் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கூட்டம் போகும் வழியைவிட்டு வடக்கே ஒதுங்கியிருக்கிறது வானவன்மாதேவி ஈச்சரம். தொல்பொருட் திணைக்களத்தின் கணக்கில் இரண்டாம் இலக்கச் சிவதேவாலயம். இராசராசனின் தேவியர் ஒருவர் பெயரில் எழுந்தது. அடி முதல் உச்சி வரை கல். பொலனறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். சிறிய கோயில், தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எங்களுக்கு ஏமாற்றமில்லை. எங்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூடத்தில் சோழர் வெற்றிகளைப் பாடமாக்கியவர்கள் நாங்கள். 993இல் அநுராதபுரம் வீழ்ந்தது, பொலனறுவை சனநாதமங்கலமானது, 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். இந்த ஆண்டுகளை இன்றும் நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். எங்கள் தலைமுறையின் கொடியில் ஏறிய புலியும் அங்கிருந்து வந்ததுதான். அந்த மகிந்தன் சோழநாட்டுச் சிறையிலேயே 1029இல் இறந்தான் என்பதையோ, தாதுக் கருவறைகளை உடைத்துப் பொன்னை அள்ளிச் சென்றார்கள் என்று சூளவம்சம் சோழர்மீது வைக்கும் குற்றச்சாட்டையோ நாங்கள் பாடமாக்கவில்லை. சிங்களப் பிள்ளைகள் அதை மட்டும் பாடமாக்கினார்கள். இதே சோழர் காலத்தில், திருகோணமலைப் பெரியகுளத்துக்கு அண்மையில் இருந்த வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்ப் பௌத்தர்களின் பள்ளியாக இருந்தது. அது இரண்டு பக்கத்தாருக்கும் பாடமாகவில்லை. அங்கே தமிழில் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன.

நாற்சதுர முற்றத்தில் சனம் முழுக்க நிசங்கமல்லனின் கல்பொத்தவைச் சுற்றி நின்றது. மிகிந்தலையிலிருந்து இழுத்துவரப்பட்ட 25 தொன் கல். தன்னைப் புகழ அந்த அரசனுக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது. கிட்டவே அடதாகே. சோழரை 1070இல் வெளியேற்றிய முதலாம் விசயபாகு புத்தரின் தந்த தாதுவுக்காகக் கட்டுவித்த மனை. அதனருகே நெடுங்கல் ஒன்று, தமிழில்.

வேளைக்காரர் கல்வெட்டு. அது அங்கே இருக்கிறதென்று புத்தகத்தில் வாசித்திருந்தோம். நேரில் நின்றபோது நான்கைந்து எழுத்துக்களுக்கு மேல் எங்களால் கூட்ட முடியவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முதற் பரிசு எடுத்த மகளுக்கும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற சிங்கள இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார்: "இது தமிழ்தானே, என்ன எழுதியிருக்கிறது?" சொந்த மொழியை வாசிக்கத் தெரியாமல், புத்தகத்தில் படித்ததை ஆங்கிலத்தில் சொன்னோம்.

வேளைக்காரர் கூலிக்குப் போரிட்ட படையினர். தமிழர் மட்டுமல்லர், வலங்கை, இடங்கையோடு வடுகர், மலையாளர் என்றும் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. சோழர்மீது படையெடுக்க விசயபாகு கட்டளையிட்டபோது மறுத்துக் கிளர்ந்தவர்கள் இவர்கள். சேனாபதிகளைக் கொன்றார்கள், அரண்மனைக்குத் தீ வைத்தார்கள், அரசனின் சகோதரியைப் பிடித்துச் சென்றார்கள். அரசன் திரும்பி வந்து அடக்கினான். தலைவர்களை அந்தச் சேனாபதிகளின் சிதையைச் சுற்றிக் கட்டி எரித்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு கல்வெட்டுக்கு வந்தால் திகைப்பாக இருக்கும். விசயபாகு காலமான பிறகு, முகலன் என்ற பெருந்தேரர் அழைத்துக் கேட்டுக்கொள்ள, அதே படையினர் கூடி, வணிகக் குழுவினரான வலஞ்சியரையும் நகரத்தாரையும் சேர்த்துக்கொண்டு, தந்ததாதுக் கோயிலின் காவலைப் பொறுப்பேற்கிறார்கள். அதற்குத் தங்கள் பெயரையும் சூட்டுகிறார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி. கோயிலின் ஊர்களையும் பரிவாரத்தையும் பண்டாரத்தையும், அங்கே அபயம் தேடி நுழைந்தவர்களையும், தாங்கள் அழிய நேர்ந்தாலும் காப்பதாக, சூரிய சந்திரர் உள்ளவரை என்று வாக்குக் கொடுக்கிறார்கள். மீறுபவன் படைக்குத் துரோகி, அவனுக்கு நரகம்.

இளைஞர் கவனமாகக் கேட்டார். "தலதா மாளிகையைத் தமிழ்ப் படையா காத்தது?" என்று இரண்டு தரம் கேட்டார். சந்தேகத்தில் அல்ல, சிரிப்போடு. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காணி உறுதி தேடிப் போனவர்களுக்கு இந்தக் கல் எந்த வகையிலும் உதவாது. எங்கள் பக்கத்து மேடையிலும் சரி, மற்றப் பக்கத்து மேடையிலும் சரி, இதைத் தூக்கிக்காட்ட முடியாது. "அபயம் தேடியவர்கள்" என்ற இடத்தில்தான் எங்களுக்குள் ஏதோ தடக்கியது. 1980களில் ரொறன்ரோவுக்கு வந்து, அகதிக் கோரிக்கை விசாரணையில் மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னவர்கள் நாங்கள்.

திருகோணமலையில் நின்றது ஒருநாள்தான். 1620களில் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் கல் பிரெடரிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னத்தோடு நிற்கிறது. பறங்கி இதைப் பிரிப்பான் என்று தீர்க்கதரிசனம் சொல்லும் தமிழ் வரிகளும் அதில் உண்டு. காவலுக்கு நின்றவர்கள் நிற்கவிடவில்லை. போகிற போக்கில் பார்த்ததுதான்.

யாழ்ப்பாணம் போய்க் குறிகட்டுவானில் படகேறினோம். அம்மனிடம் போகிறவர்களும் நாகதீப விகாரைக்குப் போகிறவர்களும் ஒரே படகில் நெருக்கிக்கொண்டு நின்றோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிறுவயதில் எத்தனையோ தரம் அதைக் கடந்து போய் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றிருக்கிறோம். பொலனறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். சிங்கள அரசனின் ஆணை, தமிழில். ஊர்காவற்றுறையில் கரை தட்டும் கப்பல்களைப் பற்றியது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பலென்றால் சரிபாதி. இன்றைக்கு இது கடுமையாகத் தோன்றலாம். அன்று உலகின் பல கரைகளில், ஐரோப்பாவிலும், உடைந்த கப்பலின் பொருள் கரைக்குடையவனுக்கே சொந்தம். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் கப்பல் வணிகருக்கு இத்தகைய உறுதி கொடுத்ததும் 1244 அளவில்தான், பராக்கிரமபாகுவுக்குப் பின்.

அந்த ஆணை பங்குக் கணக்கோடு நிற்கவில்லை. வெளிநாட்டவர் ஊர்காவற்றுறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதற்கு அது எழுதும் சொல் பரதேசிகள்.

1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களில் ஒருவரை எங்களுக்குத் தெரியும். ஸ்காபரோவில் கடை வைத்திருந்தார். அந்தக் கல்லின் படத்தை எடுத்துப்போய் அவரிடம் காட்ட வேண்டுமென்று தோன்றியது. வெளிச்சம் போதாமல் படம் சரியாக விழவில்லை.

மகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பு. வீட்டில் அறையை ஒதுக்காமல் விட்டால் நாங்கள் அவளை ஏசும் சொல் அது. "அப்பா, அப்ப நாங்கள்தானே பரதேசி?" என்றாள். கல்லைப் பற்றி இன்னும் ஏதோ விளக்கத் தொடங்கினோம். அதற்குள் கடைசிப் படகு புறப்படப் போகிறதென்று இறங்குதுறையிலிருந்து கூப்பிட்டார்கள்.