ஒரே பழுப்பு நிறம், இரண்டு தீர்ப்புகள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் பி53 புரதமும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலிருந்து ஒரு பெண் மார்பில் தட்டுப்பட்ட கட்டியைக் காட்ட மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊசி வழியாகத் திசு எடுத்துச் சோதிக்கிறார்கள். புற்றுநோய்தான் என்று உறுதியானால், அறிக்கையின் கீழ்ப்பகுதியில் ‘ஈஆர் பாசிட்டிவ்’ அல்லது ‘ஈஆர் நெகட்டிவ்’ என்று ஒரு வரி வர வேண்டும். அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அவர் என்ன மருந்து சாப்பிடுவார் என்பது பெரும்பாலும் அந்த வரியைப் பொறுத்தது. ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பி53 என்ற இன்னொரு புரதத்தின் பெயர் அந்த அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் நோயின் போக்கில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. இரண்டும் படியெடுத்தல் காரணிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஒரு நோயாளிக்கு மாத்திரை பலிப்பதும் இன்னொருவருக்குப் பலிக்காததும் ஏன் என்று புரியும்.

வேலை ஒன்று, நோக்கம் வேறு

நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். எந்த மரபணுவை எப்போது ஆர்என்ஏ-வாகப் படியெடுப்பது என்று முடிவு செய்பவை படியெடுத்தல் காரணிகள். உட்கருவுக்குள் டிஎன்ஏ இழையில் தமக்குரிய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்து மரபணுவை இயக்கவோ அடக்கவோ செய்கின்றன.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 595 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் ஹார்மோன் வந்து சேர்ந்ததும் இரண்டிரண்டாக இணைந்து டிஎன்ஏ-வைப் பற்றுகிறது. சைக்ளின் டி1, மிக் போன்ற மரபணுக்களை முடுக்கிச் செல்லைப் பிரியத் தூண்டுகிறது.

பி53-இன் மரபணு 17-ஆம் குரோமோசோமில். அதன் நீளம் 393 அமினோ அமிலங்கள். நான்கு நான்காகச் சேர்ந்து வேலை செய்கிறது. இது ஹார்மோனுக்காகக் காத்திருப்பதில்லை. டிஎன்ஏ சேதமடைந்தால் விழித்துக்கொள்கிறது. பி21 மரபணுவை இயக்கிச் செல் பிரிவதை நிறுத்துகிறது. சேதம் சரிசெய்ய முடியாததென்றால் பாக்ஸ் போன்ற மரபணுக்களை இயக்கி அந்தச் செல்லையே சாகவைக்கிறது. செல் பிரிய வேண்டும் என்பது முன்னதன் கட்டளை. பொறு என்பது பின்னதன் கட்டளை.

கெட்டுப்போகும் விதம்

1896-இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சினைப்பைகளை அகற்றியதும் கட்டிகள் சுருங்கியதைப் பதிவு செய்தார். அதற்கான காரணம் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியைக் கண்டறிந்த பிறகே விடை கிடைத்தது. பி53-இன் கதை தலைகீழானது. 1979-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது அது புற்றுநோயை உண்டாக்கும் புரதம் என்றே கருதப்பட்டது. ஆய்வாளர்கள் கையில் இருந்தது பழுதான வடிவம் என்பதும், பழுதாகாத பி53 புற்றுநோயைத் தடுக்கிறது என்பதும் 1989-இல்தான் தெளிவாயின.

இரண்டும் கெட்டுப்போகும் விதமும் கட்டிகளில் வேறுபடுகிறது. இயல்பான மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்கள் சிறுபான்மைதான். அவை தாம் அதிகம் பிரிவதில்லை. பக்கத்துச் செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. புற்றுநோயில் ஏற்பியைச் சுமக்கும் செல்லே பிரியத் தொடங்கிவிடுகிறது. ஆரம்பக் கட்டிகளில் ஏற்பியின் மரபணு பெரும்பாலும் சிதைந்திருக்காது. டிஎன்ஏ சுருளைத் திறந்துவிடும் ஃபாக்ஸ்ஏ1, கூடவே நிற்கும் காட்டா3 ஆகிய காரணிகளோடு சேர்ந்து அது புதிய இடங்களில் அமர்ந்து வேலை செய்கிறது.

பி53-இல் மரபணுவே உடைகிறது. 2012-இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு ஆய்வில், மார்பகக் கட்டிகளில் 37 விழுக்காட்டில் பி53 மரபணு மாற்றம் அடைந்திருந்தது. ஹார்மோனை நம்பி வளரும் லூமினல் ஏ வகையில் இது 12 விழுக்காடு மட்டுமே. பெரும்பாலும் ஏற்பி இல்லாத பேசல் வகையில் 80 விழுக்காடு.

நுண்ணோக்கியின் கீழே

இந்த ஒப்பீட்டை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். பாரஃபின் மெழுகில் பதித்த திசுவை மிக மெல்லிய சீவலாக வெட்டி, எதிர்ப்புரதம் இட்டுச் சாயமேற்றுகிறார்கள். தேடும் புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகும். இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். ஈஆர் சோதனையில் 100 செல்லுக்கு ஒன்று பழுப்பானாலே பாசிட்டிவ். 1 முதல் 10 விழுக்காடு வரை ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியே குறிக்கிறார்கள். இங்கே பழுப்பு நல்ல சேதி, ஏனென்றால் மருந்து பிடிக்க ஓர் இடம் இருக்கிறது.

அதே சாயத்தைப் பி53-க்குப் போட்டால் பொருள் மாறிவிடுகிறது. நல்ல பி53 உருவான வேகத்திலேயே சிதைக்கப்படுவதால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாகத்தான் தெரியும். ஓர் அமினோ அமிலம் மாறிய பழுதான பி53 சிதையாமல் செல்லில் குவிகிறது. உட்கருக்கள் எல்லாம் அடர் பழுப்பாகின்றன. மரபணு முற்றிலும் அழிந்திருந்தால் துளிப் பழுப்பும் இருக்காது. ஆக, பி53-இல் அடர்த்தியான நிறமும் கெட்ட சேதி, முழு வெறுமையும் கெட்ட சேதி.

மருந்து எட்டும் இடம்

அளவு மீறி வேலை செய்யும் புரதத்தை மருந்தால் மறிக்கலாம். 1962-இல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கிய டமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் அமரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. ஈஆர் பாசிட்டிவ் பெண்கள் இதை ஐந்தாண்டு சாப்பிட்டால், 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவை உண்டு. கட்டி சில சமயம் ஏற்பியின் மரபணுவையே மாற்றி, ஹார்மோன் இல்லாமலே இயங்கக் கற்றுக்கொள்கிறது. அதற்கும் 2023-இல் எலாசெஸ்ட்ரான்ட் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வேலையை நிறுத்திவிட்ட புரதத்தை மறுபடி எழுப்புவது இதுவரை கைகூடவில்லை. திறந்து கிடக்கும் மதகை அடைக்க ஓர் ஆள் போதும். உடைந்த ஏரிக்கரையை அப்படிக் கட்டிவிட முடியாது. பழுதான பி53-ஐ நிமிர்த்த முயன்ற எப்ரனெடபாப்ட் என்ற மருந்து, ஒருவகை எலும்பு மஜ்ஜை நோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் 2020-இல் எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. மார்பகப் புற்றுநோயில் பி53-ஐ நேரடியாகத் திருத்த அனுமதி பெற்ற மருந்து எதுவும் இன்று இல்லை. பி53 பழுதாகி, ஏற்பியும் இல்லாத கட்டி கொண்ட பெண்களுக்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, சிலருக்கு விலை கூடிய நோயெதிர்ப்பு மருந்துகள் போன்றவை துணை.

காலமும் வேறுபடுகிறது. ஏற்பி இல்லாத கட்டிகள் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்புகின்றன. ஈஆர் பாசிட்டிவ் கட்டி 10, 15 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். முன்னதற்கு வேகமான சிகிச்சை வேண்டும்; பின்னதற்கு விடாத மாத்திரை வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

இந்தியாவில் 2022-இல் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. ஈஆர், பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு ஏற்பி) மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகை மேலைநாடுகளில் 10 முதல் 15 விழுக்காடு. இந்திய ஆய்வுகளில் 30 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. நம் நோயாளிகள் இளவயதினராக இருப்பது இதற்கு ஒரு காரணம். திசுவைக் கையாளும் குறையும் ஒரு காரணம். எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 விழுக்காட்டுப் பார்மலினில் விழ வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். சாதாரண உப்பு நீரில் போட்டுப் பேருந்தில் அனுப்பினால், இருக்கும் ஏற்பியும் இல்லை என்று அறிக்கை வரலாம். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே உள்ள ஒரு மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகும்.

புற்றுநோயின் தோற்றத்தில் இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பொதுவான விடை கிடையாது. கட்டியின் வகையைப் பொறுத்தே சொல்ல முடியும். நம் கைக்கு எட்டுவது எது என்று கேட்டால் விடை தெளிவு: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ, வேலூர் சிஎம்சி-க்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ எங்கே போனாலும், “ஈஆர், பிஆர், ஹெர்2 பார்த்தாச்சா?” என்று கேளுங்கள். பாரஃபின் பிளாக்கையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். குடும்பத்தில் இளவயதிலேயே பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழுதான பி53 சில குடும்பங்களில் பிறப்பிலேயே வருவதுண்டு. அவர்களுக்குக் கதிர்வீச்சு தருமுன் இருமுறை யோசிக்க வேண்டும். டமாக்சிஃபென் எழுதித் தந்தால், உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லையே என்று ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.