பழைய ஜக்காடு பெட்டி: தறியின் உடைமை குறித்துச் சில குறிப்புகள்

காஞ்சிபுரத்துப் பட்டைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் சேலையில் தொடங்கிச் சேலையிலேயே முடிகின்றன. கோபுரக் கரை, மயில்கண், ருத்ராட்சம் என்று கரைகளை வரிசைப்படுத்துவார்கள். முந்தியை விரித்துக் காட்டுவார்கள். 2008இல் வெளிவந்த பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படமும் இந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. நெய்தவன் வீட்டில் பட்டு இல்லை என்பது அதன் துயரம் (உண்மையான துயரம்தான், மறுக்கவில்லை). 1953இல் தி.மு.க.வினர் கைத்தறித் துணியைத் தெருத்தெருவாக விற்றபோதும் பேசுபொருளாக இருந்தது துணிதான். தறி யாருடையது, அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்காடு பெட்டி யாருடையது, அது என்ன விலைக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்று நம் கதையாடல்கள் எதுவும் கேட்டதில்லை. கருவி பற்றிய இந்த மௌனம் தற்செயலானதல்ல என்பதே என் வாதம்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு நூல் என்றதும் நன்னூல் பாயிரத்து உருவகம் நினைவுக்கு வரும். சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். வகுப்பறைகளில் சலிக்கச் சலிக்கச் சொல்லப்பட்டதுதான். ஆனால் அந்த உருவகம் எங்கே நின்றுவிடுகிறது என்று கவனியுங்கள். நூற்பதோடு நிற்கிறது, நெய்வதற்குப் போகவில்லை. கதிருக்குப் பெரிய முதல் தேவையில்லை, தறிக்குத் தேவை. கையில் கதிர் இருந்தால் போதும், நூல் தானாக முடியும் என்று நம்பக்கூடிய இடம் வரைக்கும்தான் இலக்கணம் வருகிறது. அரசுக்கு இந்த மறதி கிடையாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்றும் விஜயநகரக் காலத்தில் தறிக்கடமை என்றும் வரி வருகிறது. வரி போட்டவன் எண்ணியது சேலையை அல்ல, தறியை. கருவியை முதலில் சரியாகப் படித்த வாசகன் வரி வசூலிப்பவன்தான் போலிருக்கிறது.

ஜக்காடு பெட்டிக்கு வருவோம். பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரீ ஜக்கார் (1752 - 1834) பெயரால் வழங்குவது. நம் ஊர் வாயில் அது ஜக்காடு. அவருக்கு முன்பே 1725இல் புஷோன் துளையிட்ட காகிதத்தையும், அடுத்து ஃபல்கோன் அட்டைகளையும் தறியில் முயன்றிருந்தார்கள். வோகான்சோன் 1740களில் செய்த தறி பாரிஸில் பயனற்றுக் கிடந்தது. ஜக்கார் அதை எடுத்துப் பழுதுபார்த்து, அதிலிருந்துதான் 1804 - 05இல் தன் பொறியை உருவாக்கினார். பாபேஜ் இந்த அட்டைகளைத் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஜக்காடே ஒரு பழைய மிஷினைச் சீர்செய்ததில் பிறந்தது. நெசவில் புதுசு என்று சொல்லப்படுகிற பலவும் யாரோ கைவிட்டதுதான்.

அதற்கு முன் புட்டா போட வேண்டுமானால் தறிக்கு மேலே கயிறுகளைக் கட்டி, நெய்பவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் இழுத்துக் கொடுக்க வேண்டும். லியோனிலும் இதேதான், இழுத்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். பெட்டி வந்ததும் அந்த ஆள் போய்விட்டார். நினைவு அட்டைக்கு மாறிவிட்டது. துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும். கொக்கி கத்தியில் மாட்டிக்கொண்டு மேலே எழும். அதோடு பாவு இழையும் எழும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்பட்டுக் கொக்கி விலகி நிற்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அவ்வளவுதான் தத்துவம்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் பழைய பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். இத்தனை நாள் அவர் தறிமேல் இருந்தது முதலாளி கொடுத்த பெட்டி. சொந்தமாக ஒன்று வேண்டும், புதுசு வாங்கக் கையில் காசில்லை. அவர் பார்த்த விதம் ஒரு பிரதியை வரிவரியாக வாசிப்பது மாதிரி இருந்தது. முதலில் மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், கரையான் இருக்கிறதா என்று. பிறகு கொக்கிகளை வரிசையாக விரலால் தடவிக்கொண்டே போனார். வளைந்ததை நிமிர்த்தலாம், கழுத்து தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். ஊசிகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டார். ஸ்பிரிங் செத்திருந்தால் ஊசி திரும்பி வராது. அதிக நேரம் செலவிட்டது அட்டை சுற்றும் நாலு பக்கக் கட்டையில். "இது தேஞ்சிருந்தா எல்லாம் போச்சு தம்பி. அட்ட ஒரு நூலு ஆடினா போதும், மயிலுக்கு மூக்கு இருக்காது" என்றார். பெட்டியில் 240 கொக்கி. நூற்றிருபது கொக்கிப் பெட்டி இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆனால் அதில் சின்னப் புட்டாவுக்கு மேல் போக முடியாது. எத்தனை கொக்கியோ அத்தனை அகலத்துக்குத்தான் கற்பனை. மிச்சமெல்லாம் அதே உருவைத் திரும்பத் திரும்பக் கட்டுவது.

விலை படிந்தது. பிறகு கேட்டார்: "அட்ட எங்கண்ணே?" வீட்டுக்காரர் சொன்னார்: "அட்ட மொதலாளி வூட்டுதுப்பா. எப்பவோ வாங்கினு போய்ட்டாங்க."

பெட்டி சொந்தமாகலாம், அது என்ன நெய்யும் என்பதைத் தீர்மானிக்கும் அட்டை சொந்தமாகாது. டிசைன் வரைபவர் வேறு, அட்டை குத்துபவர் வேறு, அதற்குக் காசு கொடுத்து வைத்திருப்பவர் வேறு. அட்டை இல்லாத பெட்டி மொழி இல்லாத வாய்.

இதுபோகப் பெட்டியின் விலை பெட்டியோடு முடிவதில்லை. அம்பத்தூர், கிண்டிப் பக்கம் சின்னப் பட்டறைக்காரர்கள் பழைய மில்லிங் மிஷின் வாங்கும்போதும் இந்தக் கதைதான்: மிஷின் பாதி விலை, கட்டரும் வைசும் சேர்ந்து மறுபாதி. இங்கே கொக்கியிலிருந்து இழை வரைக்கும் நூல் கட்டித் தர ஓர் ஆள் வர வேண்டும். அது தனிக் கூலி. ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலை. பாவு முடிகிற சமயம் பார்த்துத்தான் பெட்டியை மாற்ற முடியும். மாற்றி, கட்டி, சோதித்து முடிக்கும்வரை நெசவு இல்லை, கூலியும் இல்லை. குழித்தறி என்பதால் கொஞ்சம் உயரம் மிச்சமாகிறது; அப்படியும் தாழ்ந்த ஓட்டு வீடாக இருந்தால் கூரையைத் தூக்க வேண்டும். மலிவான மிஷின் ஒன்று வீட்டையே மாற்றச் சொல்கிறது. லியோனில் குருவா-ரூஸ் என்னும் நெசவாளர் குன்றில் இன்றைக்கும் நிற்கிற பழைய வீடுகளின் உட்கூரை ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். காரணம் இதே பெட்டிதான். அங்கே ஊரே ஜக்காடுக்காகக் கட்டப்பட்டது. இங்கே கட்டிய வீட்டுக்குள் ஜக்காடு முட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தக் குன்றில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1831 நவம்பரில் லியோன் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து சில நாட்கள் நகரத்தையே தங்கள் கையில் வைத்திருந்தார்கள். இயந்திரத்தை உடைத்த தொழிலாளர்கள் என்னும் பொதுப்பிம்பத்தில் இவர்களையும் சேர்த்துவிடுவது எளிது. அது தவறு. தறிகள் அவர்களுடையவை, பெரும்பாலும் அவர்கள் வீட்டிலேயே இருந்தவை. அவர்கள் கேட்டது கூலி விகிதம். பேசி ஒப்புக்கொண்ட விகிதத்தைப் பட்டு வணிகர்கள் ஏற்க மறுத்ததுதான் பிரச்சனை. பட்டு நூலும் டிசைனும் சந்தையும் வணிகனிடம். தறியும் உடம்பும் கூரையும் நெய்பவனிடம். கருவி கையில் இருப்பவனே சுதந்திரமானவன் என்ற பழைய சூத்திரம் இங்கே ஆட்டம் காண்கிறது. உண்மையில் தறி நெசவாளனுடையதாக இருப்பது வணிகனுக்கு வசதி: தேய்மானமும் பழுதும் வாடகையும் நெய்பவன் கணக்கில் போய்விடும்.

அப்படியானால் சொந்தப் பெட்டி வாங்குவதில் அர்த்தமே இல்லையா? இருக்கிறது. முதலாளி பெட்டியோடு முன்பணமும் வரும். முன்பணம் தீராதவரை வேறு இடத்துக்கு நெய்யப் போக முடியாது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் முன்பணம் போகவில்லை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றிப் பேசியது. இங்கே ஒரு வினோதம். கயிறு இழுத்த ஆளை ஜக்காடு வெளியேற்றியது என்றேன். ஆனால் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு, ஆக மூன்று நாடாக்கள். ஒரு பக்கத்து நாடாவைப் போட்டுக் கொடுக்க இன்னோர் ஆள் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது குழந்தைதான். மேலே இருந்த ஆளை மிஷின் நீக்கியது, பக்கத்தில் இருந்த ஆளை அழகியல் தக்கவைத்துக்கொண்டது. கோர்வையின் 'அசல் தன்மை' பற்றி உருகுகிறவர்கள் இதையும் சேர்த்து உருகட்டும். பெட்டி தன்னுடையதாக இருந்தால், முதலாளியிடமிருந்து சங்கத்துக்கோ சங்கத்திலிருந்து வேறு முதலாளியிடமோ மாறிப்போகும் வழியாவது திறக்கிறது. விலையைத் தீர்மானிக்கும் உரிமை அல்ல அது, விலகிப் போகும் உரிமை. சின்ன விஷயமில்லை.

சட்டம் கருவியை எப்படிப் பார்க்கிறது? பட்டுச் சேலை உட்படச் சில வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைத்தறி என்றால் மின்தறி அல்லாத எந்தத் தறியும். எதிர்மறையாக மட்டுமே அதற்கு இருப்பு. ஒதுக்கப்பட்ட வகைகள் 22. 1996இல் 11 ஆயின. 2016இல் மத்திய அரசு தொடங்கிய ஒரு திட்டத்தில் தறி, ஜக்காடு போன்றவற்றின் விலையில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கும், நெசவாளர் 10 கொடுத்தால் போதும் என்று வந்தது. நல்ல திட்டம்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் நெசவாளராகப் பதிவானவருக்குத்தான் அது. பதிவில் வராதவருக்கும் காத்திருக்க முடியாதவருக்கும் அடுத்த தெருவில் விலைக்கு வருகிற பழைய பெட்டிதான் திட்டம்.

அந்தப் பெட்டி ஏன் விலைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்கக் கம்பெனிகள். கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வருகிறது. மாசம் பிறந்தால் சம்பளம். நாங்கள் பெட்டி பார்த்த வீட்டிலும் பையன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தறிக்குழியைப் பலகை போட்டு மூடி அதன்மேல் பீரோ வைத்திருந்தார்கள். பழைய பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கு இதுதான் காரணம். ஒருவர் குறைந்த செலவில் தொழிலில் நிலைகொள்வதும் இன்னொருவர் தொழிலை விட்டு வெளியேறுவதும் ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு பக்கங்கள்.

இப்போது எலக்ட்ரானிக் ஜக்காடு வந்திருக்கிறது. அட்டை இல்லை, கட்டை இல்லை. டிசைன் கோப்பாக வருகிறது. மாதக்கணக்கில் ஆகும் அட்டை வேலை சில நாளில் முடிகிறது என்கிறார்கள். அட்டையையாவது கையில் எடுத்துப் பார்க்கலாம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்தத் துளை எந்த இழை என்று பழகியவர் சொல்லிவிடுவார். கிழிந்ததைத் தைத்துக்கொள்வார். கோப்பு அப்படியில்லை. அது பெட்டிக்குள் வந்து போகிறது, நெய்பவர் கைக்கு வருவதில்லை. நான் கூடப் போன நெசவாளர் 240 கொக்கியையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த பாவுக்கு அட்டை யாரிடம் கேட்பது என்பதுதான் அவருக்கு அன்றைய யோசனை.