தலைக்கும் ஒரு முகவரி உண்டு

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அப்பேர்ப்பட்ட சிரசு ஒன்று, உடம்பை விட்டுப் பிரிந்து, கடல் கடந்து, அந்நிய நாட்டு அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தது என்றால் நம்புவீர்களா? இது பாட்டி சொன்ன கதையல்ல. சரித்திரம்.

1815-இல் இலங்கையின் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி வந்தவன். அவனைத் தமிழ்நாட்டு வேலூருக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். 1832-இல் அங்கேயே மாண்டான். மன்னன் போனாலும் மக்கள் அடங்கவில்லை. 1817-இல் ஊவா, வெல்லச பகுதி மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அதை அடக்கி வா என்று ஆங்கிலேயர் அனுப்பிய தலைவர்தான் ஊவாவின் திசாவையாக இருந்த கெப்பெட்டிபொல. திசாவை என்றால் மாகாண அதிகாரி.

போனவர் என்ன செய்தார் தெரியுமா? மக்கள் பக்கமே சேர்ந்துகொண்டார். அதுமட்டுமா! "உங்கள் துப்பாக்கியைக் கொண்டே உங்களை எதிர்ப்பது முறையல்ல" என்று கருதி, ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பினார். பகைவனுக்கும் நேர்மை காட்டிய அந்த வீரர் 1818-இல் பிடிபட்டார். அவ்வாண்டு நவம்பரில் கண்டியில் அவர் தலை துண்டிக்கப்பட்டது.

அப்போது கண்டியில் ஹென்றி மார்ஷல் என்ற ஸ்காட்லாந்து நாட்டு இராணுவ மருத்துவர் இருந்தார். கெட்டவர் அல்லர். 1846-இல் இலங்கையைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். இந்தக் கிளர்ச்சி வென்றிருந்தால் கெப்பெட்டிபொலவை உலகம் தேசபக்தர் என்று கொண்டாடியிருக்கும், தோற்றதால்தான் துரோகி என்று தண்டித்தது என்ற கருத்தை அதில் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அதே மார்ஷல்தான் அந்தத் தலையை எடுத்துப்போய், எடின்பரோ நகரில் ஒரு சங்கத்தின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மனிதனை மதித்தவருக்கு, அவன் மண்டை ஓடு மட்டும் ஒரு பொருளாகத் தெரிந்தது. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

அது என்ன சங்கம்? மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து, இவன் வீரன், இவன் கோழை, இவன் திருடன் என்று குணம் சொல்லும் ஒரு சாத்திரம் அந்நாளில் ஐரோப்பாவில் பரவியிருந்தது. அதற்காக 1820-இல் எடின்பரோவில் ஏற்பட்ட சங்கம் அது. பின்னாளில் அந்தச் சாத்திரம் வெறும் பொய் என்று விஞ்ஞானமே தள்ளிவிட்டது. சாத்திரம் செத்தது, அதற்காகச் சேர்த்த தலைகளோ அங்கேயே கிடந்தன!

இலங்கை சுதந்திரம் பெற்றபின், 1954-இல் கெப்பெட்டிபொலவின் மண்டை ஓடு தாய்நாடு திரும்பியது. கண்டித் தலதா மாளிகையின் எதிரே அதை அடக்கம் செய்து நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு வீரனுக்கு ஈமக்கடன் நடந்தது.

சரி, அவருக்குப் பெயர் இருந்தது. பதவி இருந்தது. கேட்க ஒரு நாடும் இருந்தது. பெயரில்லாதவன் கதி என்ன?

அதற்கும் எடின்பரோவே பதில் சொல்கிறது. அங்கே 1867 முதல் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த சர் வில்லியம் டர்னர் காலத்தில், உலகின் பல மூலைகளிலிருந்தும் மண்டை ஓடுகள் வந்து குவிந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இலங்கைக் காட்டில் வாழ்ந்த வேடர் குலத்தாருடைய ஒன்பது மண்டை ஓடுகளும் இருந்தன. குலத்தின் பெயர் இருந்தது; ஆளின் பெயர் இல்லை. 2019 நவம்பரில்தான் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ எடின்பரோவுக்கே போய் அவற்றைப் பெற்றுக்கொண்டார். பிரபுவின் தலை திரும்பியதற்கும் வேடன் தலை திரும்பியதற்கும் இடையே 65 ஆண்டுகள்! செத்த பிறகுமா மனிதனுக்கு மேல் கீழ்?

இதை வெள்ளையன், கறுப்பன் சண்டையாக மட்டும் பார்க்கக் கூடாது. 1828-இல் அதே எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை மருத்துவப் பாடம் நடத்திய டாக்டர் நாக்ஸிடம் விற்றார்கள். செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பர்க்கைத் தூக்கில் போட்டு, அவன் எலும்புக்கூட்டையும் அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார்கள். 1832-இல் வந்த சட்டம், கேட்பாரற்ற ஏழைப் பிணங்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. நம் இந்தியாவும் தப்பவில்லை. கல்கத்தாவிலிருந்து எலும்புக்கூடுகள் பெட்டி பெட்டியாக உலக மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின. 1985-இல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. எங்கோ ஒரு வகுப்பறையில் இன்றும் தொங்கும் எலும்புக்கூடு, கங்கைக் கரையில் கூலி வேலை செய்த ஒரு தாயாகவும் இருக்கலாம்.

"அப்படியானால் டாக்டர்கள் எதைப் பார்த்துப் படிப்பதாம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உடம்பைப் பார்க்காமல் வைத்தியம் வராது. மருத்துவ அருங்காட்சியகங்களை இழுத்து மூடிவிடு என்று நான் சொல்லவில்லை. எடுப்பது வேறு, கொடுப்பது வேறு என்றுதான் சொல்கிறேன். நம் மலேசியாவிலேயே அதற்கு நல்ல சாட்சி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் 'மௌன ஆசான்' என்ற திட்டம் நடந்து வருகிறது. ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தம் உடலை மனமொப்பி எழுதிக் கொடுக்கிறார். அவர் காலமான பின், மாணவர்கள் அவர் குடும்பத்தாரைச் சந்தித்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டறிகிறார்கள். பயிற்சி முடிந்ததும் உடலைத் தைத்து, உடை உடுத்தி, மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். அங்கே அது பிணம் அல்ல, ஆசிரியர்! உடல் அதேதான், கத்தியும் அதேதான். கேட்டு வாங்கியதும் பெயர் சொல்லி வணங்கியதும் மட்டுமே வித்தியாசம்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் எந்த நாட்டு அருங்காட்சியகத்துக்குப் போனாலும், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எலும்பைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடையது? எப்படி இங்கு வந்தது? அவர் சம்மதித்தாரா? பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு இதற்குப் பதில் சொல்லாவிட்டால், அந்தச் சீட்டு இன்னும் எழுதி முடியவில்லை என்று பொருள்.

இதை நமக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரக் காட்டிலே உழைத்து, அந்த மண்ணிலேயே மறைந்தவர்கள் நம்ம பாட்டன் பூட்டன்மார். பல குழிகளுக்குக் கல் இல்லை, கல்லிருந்தால் பெயர் இல்லை. இன்று நம் பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தைப் போலப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெயரில்லாமல் போவதன் வலி நமக்குத் தெரியும். ஆகவே, வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்: தாத்தாவின் அப்பா பெயர் என்ன, அவர் எந்தத் தோட்டம், எங்கே அடக்கம்? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தன் வீட்டு மூத்தோரின் பெயரைக் காப்பவனுக்குத்தான், பிறர் வீட்டு எலும்பையும் மனிதன் என்று மதிக்கத் தெரியும்.

வாழ்க மாணவர்! வளர்க மனிதநேயம்!