ஆயர் பதவியும் அரசின் தயவும்: ஒன்றியச் சட்டத்துக்குப் பிந்தைய அயர்லாந்து

1800ஆம் ஆண்டு, அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைக்கும் ஒன்றியச் சட்டத்தை ஏற்று, டப்ளின் நாடாளுமன்றம் தன் முடிவுக்குத் தானே வாக்களித்தது. அதன் கீழவையில் 300 இடங்கள் இருந்தன. 1801 ஜனவரி 1 முதல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அவையில் அயர்லாந்துக்கு 100 இடங்கள் மட்டுமே கிடைத்தன. 84 சிறுநகரத் தொகுதிகள் ஒழிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை யாரோ ஒரு பிரபுவின் குடும்பச் சொத்தாகவே கைமாறி வந்தவை என்பதால், தொகுதி ஒன்றுக்கு 15,000 பவுண்டு வீதம் 12,60,000 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. இணைப்பைக் கடைசிவரை எதிர்த்த டவுன்ஷையர் பிரபுவும் 52,500 பவுண்டு பெற்றுக்கொண்டார். ஆதரித்தவர், எதிர்த்தவர் இருவருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்த பணத்தை லஞ்சம் என்று சொல்ல முடியாது. லஞ்சத்தைத் தேடுகிறவர் பார்க்க வேண்டியது அந்தக் கணக்கில் ஏறாத வாக்குறுதிகளை.

பிரபுப் பட்டம், நீதிபதி பதவி, ஓய்வூதியம், சுங்க வேலை, ஆயர் பதவி என்று அந்த வாக்குறுதிகள் பலவகைப்பட்டன. ஒன்றியம் ஊழலைக் குறைக்கும் என்று அதன் ஆதரவாளர்கள் நம்பினார்கள். நாடாளுமன்ற இடங்களை விற்று வாங்கும் சந்தையை அது ஓரளவு மூடியது உண்மை. ஆனால் பதவி தேடுவோரின் எண்ணிக்கை குறையவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் லண்டனோடு இணைக்கப்பட்ட அரசுத் துறைகளில் வேலைகள் சுருங்கியபோது, அந்தப் பசியின் பெரும்பங்கு திருச்சபையின் மேல் விழுந்தது. அந்த நகர்வின் வழியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றியச் சட்டத்தை நிறைவேற்றியவர்கள் வைஸ்ராய் காரன்வாலிஸும் தலைமைச் செயலர் காஸல்ரேயும். திப்பு சுல்தானோடு போரிட்டு 1792இல் மைசூரின் பாதியைப் பெற்ற அதே காரன்வாலிஸ்தான் இவர். பதவி பேரம் பேசுவதை அவர் வெளிப்படையாகவே வெறுத்தார். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் தன்மேலேயே அருவருப்புக் கொண்டிருக்கிறார். ஆனாலும் பேரம் நடந்தது. தாம் தந்த பட்ட வாக்குறுதிகளை லண்டன் அமைச்சர்கள் ஏற்கத் தயங்கியபோது ராஜினாமா செய்வதாக மிரட்டி அவர்களை இணங்கவும் வைத்தார். பேரத்தை வெறுத்த மனிதர் பேரத்தில் கொடுத்த வாக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தப் பேரங்கள் அந்தக் காலத்தின் வழக்கத்தை மீறியவை அல்ல என்று 1960களில் வரலாற்றாசிரியர் ஜி. சி. போல்ட்டன் வாதிட்டார். பின்னர் வெளிவந்த உள்துறை ரகசியக் கணக்குகள் 30,000 பவுண்டுக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாக அயர்லாந்துக்குப் போனதைக் காட்டின. அதன் பிறகு போல்ட்டனின் முடிவை முழுவதுமாக ஏற்பது கடினம். அக்காலக் கதைகளுக்கு ஜோனா பாரிங்டனின் நூல்களையே பலரும் நாடுகிறார்கள். பிரெடரிக் டிரெஞ்ச் என்ற உறுப்பினர் 1799 விவாதத்தில் எதிர்த்து வாக்களிக்கப்போவதாகச் சொன்னார், காஸல்ரேயின் ஆட்களோடு பேசிவிட்டு வந்து அதே அவையில் மனம் மாறியதாக அறிவித்தார் என்று எழுதியவர் அவர்தான். அந்த டிரெஞ்ச் அடுத்த ஆண்டு ஆஷ்டவுன் பிரபு ஆனது ஆவணத்தில் உள்ள உண்மை. நடுவில் நடந்த காட்சிக்குப் பாரிங்டனின் சொல்லே சான்று. அவரோ கடற்படை நீதிமன்றத்தின் பணத்தைக் கையாடியதற்காக 1830இல் நீதிபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். சலித்தே எடுத்துக்கொள்ள வேண்டிய சாட்சி.

வாக்குறுதிகளின் பட்டியல் 1801இல் புதிய வைஸ்ராய் ஹார்ட்விக்கின் கைக்கு வந்தது. கொடுத்த வாக்கு வேறொருவருடையது, தீர்க்க வேண்டிய கடன் இவருடையது. அவருடைய கடிதக் கட்டுகளிலிருந்து மைக்கேல் மக்டோனா 1904இல் தொகுத்து வெளியிட்ட நூலைப் படித்தால், பல ஆண்டுகளாக அவர் செய்த பெரிய வேலையே அந்தப் பட்டியலைக் கரைப்பதுதானோ என்று தோன்றும்.

இங்கே திருச்சபையின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். அரசின் அங்கமாக இருந்தது புராட்டஸ்டன்டு அயர்லாந்துத் திருச்சபை. 1834இல் எடுத்த மதவாரிக் கணக்கின்படி, ஏறத்தாழ 79 லட்சம் மக்களில் அதைச் சேர்ந்தவர்கள் சுமார் எட்டரை லட்சம் பேர். கத்தோலிக்கர் 64 லட்சம். ஆனால் விளைச்சலில் தசமபாகத்தை எல்லா மதத்தாரும் இந்தத் திருச்சபைக்கே செலுத்தினார்கள். நான்கு பேராயர்கள், 18 ஆயர்கள். அத்தனை பேரையும் நியமித்தது அரசு. அர்மா, டெர்ரி போன்ற இடங்களில் ஆண்டு வருமானம் 10,000 பவுண்டைத் தாண்டியது. ஆயரின் நிலங்கள் 21 ஆண்டுக் குத்தகையில் இருந்தன. குத்தகையைப் புதுப்பிக்கும்போது குத்தகைதாரர் கட்டும் தொகை ஆயரின் சொந்தப் பைக்குப் போனது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, பங்குகளில் பெரும்பகுதிக்குக் குருமாரை நியமிக்கும் உரிமை ஆயர்களிடமே இருந்தது. ஒருவரை ஆயராக்கினால் அவருடைய மகன்கள், மருமகன்கள், அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோருக்கும் வழி திறந்துவிடும். அதனால் ஆயர் பதவியைக் கேட்டுக் கடிதம் எழுதியவர் பெரும்பாலும் குருவே அல்ல, குடும்பத் தலைவரான பிரபு.

ஆயர் ஒருவர் இறந்தால் காலியாவதும் ஒரு பதவியோடு நிற்பதில்லை. டப்ளின் பேராயர் ராபர்ட் ஃபௌலர் 1801 அக்டோபரில் இறந்தார். காஷெல் பேராயர் சார்லஸ் ஏகர் டப்ளினுக்கு வந்தார். முந்தைய ஆண்டு அவர் எதிர்பார்த்தது அர்மாவின் தலைமைப் பதவியை, கிடைத்தது இது. கில்மோர் ஆயர் பிராட்ரிக் காஷெலுக்குப் போனார். கில்மோருக்கு குளோன்ஃபெர்ட் ஆயர் ஜார்ஜ் பெரஸ்ஃபோர்டை அனுப்ப அரசு முடிவெடுத்தது.

இந்த இடத்தில்தான் எதிர்ப்பு எழுந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1800இல் அர்மாவுக்குக் கொண்டுவந்த பேராயர் வில்லியம் ஸ்டூவர்ட், பெரஸ்ஃபோர்டின் ஒழுக்கம் ஆயருக்கு உரியதல்ல என்று மிகக் கடுமையான சொற்களில் வைஸ்ராய்க்கும் பிரதமர் ஆடிங்டனுக்கும் எழுதினார். நியமனம் நடந்தால் பதவி விலகுவேன் என்றார். அரசால் பின்வாங்க முடியவில்லை. ஜார்ஜின் தந்தை ஜான் பெரஸ்ஃபோர்டு இருபது ஆண்டுகளாக அயர்லாந்து வருவாய்த் துறையின் தலைவர். ஜானின் தம்பி வில்லியம், டியூம் பேராயர். ஒன்றியச் சட்டத்துக்குக் குடும்பமே தோள் கொடுத்திருந்தது. 1802இல் ஜார்ஜ் கில்மோருக்குப் போனார். 1841இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஸ்டூவர்ட் விலகவில்லை. அவர் தோற்றார் என்றே பல நூல்கள் எழுதிவிட்டு நகர்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒழுக்கம் ஒரு தகுதி என்பதை ஒரு பேராயர் எழுத்தில் வைத்த பிறகு, அடுத்து வந்த அமைச்சர்கள் அதற்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டியதாயிற்று.

குடும்பத்தாருக்குப் பதவி தேடும் வழக்கத்துக்கு ஹார்ட்விக்கும் விலக்கானவர் அல்லர். அவருடைய மனைவியின் சகோதரர் சார்லஸ் லிண்ட்சே 1803இல் கில்லலோ ஆயர், 1804இல் கில்டேர் ஆயர்.

பிரபுக்களின் கதை இப்படியென்றால், அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் கேட்டவை சின்ன வேலைகள்: துறைமுகத்தில் கப்பலைக் காவல் காப்பது, சாராய ஆலைகளில் அளவெடுப்பது, முத்திரைத் தாள் விற்பது, படைவீடுகளைப் பராமரிப்பது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் வீடு எரிந்தது, ஊர்க்காவல் படையில் சேவை செய்தேன், பிள்ளைகள் அதிகம், முந்தைய வைஸ்ராய் வாக்குக் கொடுத்தார் என்ற நியாயங்களை வரிசையாக அடுக்கும் மனுக்கள் இவை. பெரிய நிலக்கிழார் எழுதும் கடிதத்தில் இவ்வளவு விளக்கம் இராது. தன் நிலத்தில் எத்தனை நாற்பது ஷில்லிங் வாக்காளர்கள், அதாவது ஆண்டுக்கு அந்த மதிப்புள்ள நிலத்தால் வாக்குரிமை பெற்றவர்கள், இருக்கிறார்கள் என்பது அரசின் இருப்பிடமான டப்ளின் கோட்டைக்குத் தெரியும் என்ற தொனியே போதும். 1793 முதல் கத்தோலிக்கக் குடியானவருக்கும் இந்த வாக்குரிமை இருந்தது; வாக்கு அவருடையது, அதன் பலன் நிலக்கிழாருடையது.

1807இல் தலைமைச் செயலராக வந்த ஆர்தர் வெல்லெஸ்லி, சீரங்கப்பட்டணத்தை நிர்வகித்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் இந்தியாவிலிருந்து திரும்பியிருந்தார். டென்மார்க், போர்ச்சுகல் படையெடுப்புகளுக்கு நடுவிலும் இந்தப் பதவி அவரிடமே இருந்தது. அவருடைய கடிதத் தொகுப்பில் பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பக்கத்திலேயே யாருக்கு எந்த வேலை என்ற பேச்சும் கிடக்கிறது. 1812இல் 24 வயதில் அதே நாற்காலிக்கு வந்த ராபர்ட் பீல் இன்னும் முறையாகச் செய்தார். அரசை ஆதரிக்கும் மாவட்ட உறுப்பினரின் சிபாரிசுக்கே அந்த மாவட்டத்து வேலை என்ற வழக்கத்தை அவர் கண்டிப்போடு நடத்தினார். அவ்வப்போது சலித்துக்கொண்டதும் உண்டு.

பதவிப் பேரம் அயர்லாந்தோடு நின்றுவிடவில்லை. காஸல்ரே பின்னர் இந்திய விவகாரக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர் பதவி ஒன்றை, க்ளான்கார்ட்டி பிரபுவுக்கு நாடாளுமன்ற இடம் கிடைக்கச் செய்வதற்காகக் கொடுக்க முன்வந்தார் என்று 1809இல் கீழவையில் அவர்மேல் குற்றச்சாட்டு வந்தது. பேரம் முடியாமல் போனதால் தப்பினார். சென்னையிலோ கல்கத்தாவிலோ ஓர் இளைஞன் வாழ்வைத் தொடங்கும் வேலை, அயர்லாந்துப் பிரபு ஒருவரின் இடத்துக்கு ஈடாகியிருக்கும். இந்தக் க்ளான்கார்ட்டி, டிரெஞ்ச் குடும்பத்தின் மற்றொரு கிளை. 1799இல் ஒன்றியத்தை எதிர்த்து, பின்னர் ஆதரித்தவர். அவருடைய தம்பி பவர் டிரெஞ்ச் 1802இல் வாட்டர்ஃபோர்டு ஆயர், 1810இல் எல்ஃபின் ஆயர், 1819இல் டியூம் பேராயர்.

மரியா எட்ஜ்வொர்த் பதவித் தயவையே தலைப்பாக வைத்து 1814இல் ஒரு நாவல் வெளியிட்டார். சிபாரிசால் உயரும் குடும்பத்தையும் உழைப்பால் உயரும் குடும்பத்தையும் எதிரெதிரே நிறுத்தும் கதை. களம் இங்கிலாந்து, ஆனால் அவருடைய தந்தை டப்ளின் நாடாளுமன்றத்தில் ஒன்றியம் நல்லது என்று பேசிவிட்டு, அது வாங்கப்பட்ட விதம் பிடிக்காமல் எதிர்த்து வாக்களித்தவர். அந்த வீட்டில் இந்த விஷயம் பேசித் தீராதது.

1817இல் அயர்லாந்தின் கருவூலம் லண்டனோடு இணைந்தது. 1823இல் சுங்க, கலால் வாரியங்கள் இணைந்தன. 1831இல் அஞ்சல் துறை. ஒவ்வொரு இணைப்பிலும் டப்ளினில் கொடுக்க இருந்த மேசைகள் மறைந்தன. திருச்சபையின் பதவிகள் மட்டும் இன்னும் கைபடாமல் இருந்தன. 1819இல் வில்லியம் பெரஸ்ஃபோர்டு இறந்து, பவர் டிரெஞ்ச் டியூமுக்குப் போனதும் எல்ஃபினுக்கு ட்ரோமோரிலிருந்து ஜான் லெஸ்லி வந்தார். காலியான ட்ரோமோர் ஜேம்ஸ் சோரினுக்குப் போனது. இவர் அரசுத் தலைமை வழக்கறிஞர் வில்லியம் சோரினின் சகோதரர். வில்லியம் சோரின் 1800இல் ஒன்றியத்தை மூர்க்கமாக எதிர்த்தவர் என்பதை நினைத்தால், பழைய பட்டியலின் காலம் முடிந்து, நடப்பு அரசில் யார் பயன்படுகிறார் என்ற காலம் வந்துவிட்டது தெரியும்.

1822இல் க்ளோகர் ஆயர் பெர்சி ஜோஸ்லின், ரோடன் பிரபுவின் மகன், ஒழுக்கக் குற்றத்தில் சிக்கிப் பதவி இழந்தார். அதன் பிறகு அமைச்சர்கள் எச்சரிக்கையானார்கள் என்பது என் ஊகம். 1826 நிகழ்ச்சி அதற்கு இடம் தருகிறது. க்ளோயின் ஆயர் பதவி காலியானபோது, முன்னாள் தலைமைச் செயலர் ஆர்தர் வெல்லெஸ்லி, இப்போது வெல்லிங்டன் பிரபு, தன் சகோதரர் ஜெரால்டுக்கு அதைக் கேட்டார். அப்போது வைஸ்ராயாக இருந்தவரும் அவர்களுடைய மூத்த சகோதரரே. இதைவிடப் பெரிய சிபாரிசு அந்நாளில் இருந்திருக்க முடியாது. ஜெரால்டு மனைவியைப் பிரிந்து வாழ்கிறார் என்ற காரணத்தைக் காட்டிப் பிரதமர் லிவர்பூல் மறுத்துவிட்டார். பதவி அயர்லாந்தின் அரச வானியலாளர் ஜான் பிரிங்க்லிக்குப் போனது. ஸ்டூவர்ட் 1801இல் எழுப்பிய வாதம் கால் நூற்றாண்டு கழித்து வென்றது.

மற்ற சபைகளும் அரசின் கையிலிருந்து முற்றும் விலகி நிற்கவில்லை. பிரெஸ்பிடேரியன் போதகர்களுக்கான அரச மானியம் 1803இல் 100, 75, 50 பவுண்டு என மூன்று தரமாக்கப்பட்டது. பணம் கொடுத்து விசுவாசம் பெறும் காஸல்ரேயின் திட்டம் அது. 1798 கிளர்ச்சியோடு தொடர்புபடுத்தப்பட்ட வில்லியம் ஸ்டீல் டிக்சனுக்கு மானியம் மறுக்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர் நியமனத்தில் அரசுக்கு மறுப்புரிமை தரலாமா என்ற சர்ச்சை 1808 முதல் பல ஆண்டு நடந்தது. அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஏற்காததால் நின்றுபோனது. தங்கள் ஆயர்களை டப்ளின் கோட்டையின் தயவுக்கு விட அவர்கள் தயாராக இல்லை. பக்கத்துத் திருச்சபையில் அந்தத் தயவு என்ன செய்தது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

1830இல் தசமபாகம் கட்ட மறுக்கும் போராட்டம் வெடித்ததும் திருச்சபையின் செல்வமே கேள்விக்குள்ளானது. 1833 சட்டம் 10 ஆயர் பதவிகளை ஒழித்தது. நான்கு பேராயர் பதவிகள் இரண்டாயின. பவர் டிரெஞ்ச் 1839இல் இறந்தபோது டியூம் பேராயர் பட்டமும் மறைந்தது. இந்த வெட்டை எதிர்த்து ஜான் கீபிள் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த பிரசங்கத்திலிருந்துதான் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம் தொடங்கியது. அயர்லாந்தின் பிரபுக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட பதவிகளை அப்போஸ்தலர் வழிவந்த புனித உரிமையாக அவர் காத்தார். கில்மோரின் வரலாற்றைப் படித்தவருக்கு இதில் ஒரு சிறு புன்னகை எழாமல் இராது.

அதற்குள் தயவின் திசை மாறியிருந்தது. 1829இல் கத்தோலிக்கருக்கு உயர்பதவிகள் திறந்தன. அதே ஆண்டு நாற்பது ஷில்லிங் வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1835இல் விக் கட்சி அரசோடு உடன்பாடு கண்ட கத்தோலிக்கத் தலைவர் ஓகானலின் ஆதரவாளர்களும் கோட்டைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1836இல் மைக்கேல் ஓலோக்லன் நீதிபதியானார். 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் அந்த இடத்தில் அமர்ந்த முதல் கத்தோலிக்கர் அவர். அதே ஆண்டுச் சட்டம் காவலர் நியமனத்தை உள்ளூர் மாஜிஸ்ட்ரேட்டுகளிடமிருந்து எடுத்து மையத்தில் வைத்தது. நிலக்கிழாரின் சிபாரிசு அதன்பின் முன்போல் செல்லவில்லை.

திருச்சபை நியமனங்கள் மட்டும் அரசின் கையில் இன்னும் ஒரு தலைமுறை நீடித்தன. 1862இல் அர்மா பேராயரானவர் மார்கஸ் பெரஸ்ஃபோர்டு. கில்மோருக்கு வரக்கூடாது என்று ஸ்டூவர்ட் எதிர்த்த ஜார்ஜின் மகன். அவருடைய காலத்திலேயே 1869 சட்டம் நிறைவேறி, 1871 ஜனவரி 1 அன்று அயர்லாந்துத் திருச்சபை அரசிடமிருந்து பிரிந்தது. அதன் பிறகு அயர்லாந்தில் எந்த ஆயரையும் அரசு நியமிக்கவில்லை.