நாணயத்தின் பேரில் கொடுத்த கடன்: ஆத்தூர் வட்டாரக் கூட்டுறவு வரலாறு

ஐக்கிய நாடுகள் அவை 2025ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்ததையொட்டி, ஆத்தூர் வட்டாரத்துக் கடன் சங்கங்களும் அவற்றின் தாய் நிறுவனமான சேலம் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியும் கடந்து வந்த பாதையை இம்மலரில் பதிவு செய்வது நம் கடமையாகும். வசிஷ்ட நதிக் கரையில் மரவள்ளியும் பாக்கும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் குடும்பங்களில் இச்சங்கங்களின் படியேறாத குடும்பத்தைக் காண்பது அரிது.

தொடக்கத்தை அறிய தாது வருஷப் பஞ்சத்துக்குச் செல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கில் பத்தொன்பது லட்சத்துக்கும் மேலிருந்த மக்கள்தொகை, 1881இல் சுமார் பதினாறு லட்சமாகக் குறைந்தது. உயிர் பிழைத்தவர்களுக்குக் கடன் மிஞ்சியது. விதைக்கும் மாட்டுக்கும் வாங்கிய பணம் வட்டியோடு வளர்ந்து நிலத்தை விழுங்கியது. கையில் நகையோ பத்திரமோ இருந்தவனுக்குத்தான் கடன். நேர்மையும் உழைப்பும் மட்டுமே உடைய குடியானவனின் சொல்லை ஈடாக ஏற்க எந்த வட்டிக்கடையும் தயாராக இல்லை.

இந்நிலைக்கு மாற்றுத் தேட 1892இல் சென்னை அரசு சர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஐரோப்பாவில் கிராமக் கடன் சங்கங்கள் இயங்கும் முறையை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரு பெரும் தொகுதிகளாக அவர் அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திக் காட்டிய வழி நம் கிராமத்துக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஒன்றுசேர வேண்டும். ஒருவர் வாங்கும் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்க வேண்டும். நிர்வாகிகள் ஊதியம் பெறாமல் உழைக்க வேண்டும். அறிக்கையைப் படித்துச் சிரித்தவர்களும் உண்டு. எனினும் 1904இல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அதுவே வித்திட்டது.

ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதியலாம் என்று அச்சட்டம் வழி திறந்தது. சென்னை மாகாணத்தின் முதல் பதிவாளராகப் பொறுப்பேற்றவர் பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய சர் பி. இராஜகோபாலாச்சாரி. அதே 1904இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண் கடன் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. கிராமச் சங்கங்களுக்குப் பணம் திரட்டித் தர 1905இல் சென்னை மத்திய நகர வங்கி தோன்றியது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி அதன் வழிவந்ததே.

ஆனால் சென்னையில் இருக்கும் ஒரு வங்கி, ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தேவையை எங்ஙனம் அறியும்? இக்கேள்விக்கு விடையாக 1909இல் சேலத்தில் மாவட்ட வங்கி நிறுவப்பட்டது. மாகாணத்தின் முதல் மாவட்ட வங்கிகளில் ஒன்று என்ற பெருமை நம் வங்கிக்கு உண்டு. கோயம்புத்தூரில் அத்தகைய வங்கி அதற்கு அடுத்த ஆண்டுதான் அமைந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், சங்கங்கள் சேர்ந்து அமைக்கும் இத்தகைய இணையங்களுக்கு முழு அங்கீகாரம் அளித்தது.

ஐக்கிய நாணய சங்கம் என்றே அன்று மக்கள் இவற்றை அழைத்தனர். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது; பெரும்பாலும் ஒருவர் வீட்டுத் திண்ணையே அலுவலகம். கடன் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார், எந்த அறுவடையில் திருப்புவார் என்பதை ஊரறிந்த பஞ்சாயத்தார் முன்னிலையில் சொல்ல வேண்டும். வரையறையற்ற பொறுப்பு என்ற விதியின்படி ஒருவர் தவறினால் மற்றவர் சொத்தும் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், எவரும் அலட்சியமாகக் கைதூக்கவில்லை. பெரிய பட்டாதாரருக்கும் ஒரு வாக்கு, அரை ஏக்கர்க்காரருக்கும் ஒரு வாக்கு. வரவு, செலவு, அசல், வட்டி, தவணை ஆகியவற்றைக் குடியானவன் முதன்முதலாகக் கணக்காகப் பார்த்தது இத்திண்ணைகளில்தான். நிதிசார் கல்வி என்ற பெயர் அப்போது இல்லை, கல்வி இருந்தது. அக்காலத் தலைவர்களின் படங்கள் சங்கச் சுவர்களை அலங்கரிக்கின்றன. இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பேரேடு எழுதிய செயலாளர்களுக்கும் அந்த மரியாதை செய்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

1930களின் உலகப் பொருளாதார மந்தம் முதல் பெரும் சோதனை. விளைபொருள் விலை சரிந்தது, தவணை நின்றது, மாகாணமெங்கும் பல சங்கங்கள் கலைக்கப்பட்டன. 1937இல் சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, முன்பு சேலம் நகராட்சித் தலைவராக இருந்து இம்மாவட்டத்தின் நாடி அறிந்தவர். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்கு முதன்முதலாக நம் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கடைக்குப் போன காசைச் சேமிப்பாக மாற்றும் பணியில் கூட்டுறவுக்கும் பங்கு அளிக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழைய வட்டிச் சுமையைக் குறைத்தது.

இரண்டாம் உலகப் போர் ஒரு புதிய தொழிலைக் கொண்டுவந்தது. மலாயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனதும், 1943ஆம் ஆண்டளவில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் மலாயாவில் அனுபவம் பெற்ற போபட்லால் ஷாவும் உள்ளூர் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு அதைச் செய்யத் தொடங்கினர். மானாவாரி நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் மரவள்ளி, ஆத்தூர் வட்டாரத்தின் பணப்பயிரானது. சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகள் எழுந்தன. நட்டுப் பத்து மாதம் காத்திருக்க வேண்டிய பயிர் என்பதால் கடன் தேவையும் பெருகியது.

விடுதலைக்குப் பின் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, 1951-52இல் உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு வெறும் 3.1 விழுக்காடு என்று காட்டியது. கோர்வாலா தலைமையிலான குழு 1954இல் அளித்த அறிக்கையை அடுத்து அரசு பங்கு மூலதனம் தந்தது. ஊர்ச் சங்கம், மாவட்ட மத்திய வங்கி, மாநிலத் தலைமை வங்கி என்ற மூன்றடுக்கு உறுதிப்பட்டது. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் அளவு வகுக்கப்பட்டது. ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உரமாகவும் வழங்கும் பழக்கம் வந்தது. 1966 மார்ச் 1 முதல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தியது.

இதற்கிடையே மாவட்டத்தின் எல்லை பலமுறை மாறியதையும் குறிப்பிட வேண்டும். நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய் 1929இல் திரும்பியது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 1997 தொடக்கத்தில் நாமக்கல்லும் அவ்வாறே. அதன் பிறகும் பல ஆண்டுகள் நம் வங்கி இரு மாவட்டத்து உழவர்களுக்கும் சேவை புரிந்தது.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் வறட்சியும் கடன் நிலுவையும் சங்கங்களை உலுக்கின. அந்நாளிலும் கல்வராயன் மலையின் கருமந்துறை, கொல்லிமலை போன்ற இடங்களில் மலைவாழ் மக்களுக்கான பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கடனையும் நியாயவிலைப் பொருளையும் மலையேற்றின. சேகோ ஆலைக்காரர்களின் நெடுநாள் குறையைத் தீர்க்க 1981இல் அவர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் பதிவாயிற்று. அதுவரை இடைத்தரகர் சொன்ன விலைக்குச் சரக்கை விட்டுவந்த சிறு ஆலை உரிமையாளர், மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் முன்பணம் பெற்று, ஏல விலைக்குக் காத்திருக்க முடிந்தது. சிறுதொழிலுக்குக் கடன் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் வரலாறு பெண்களின் வரலாறு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991-92இல் சேலத்துக்கு விரிந்தது. 1992இல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. கறவை மாடு, இட்லிக் கடை, தையல் மெஷின், பூ வியாபாரம் என்று சிறு தொகைகள் கைமாறின, ஈடு கேட்கப்படவில்லை. தாத்தாக்களின் திண்ணையில் இருந்த அதே விதி, குழுத் தோழியர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது, இங்கே மறுபிறவி எடுத்தது. சந்தைக் கடைக்காரர்களை வாட்டிய கந்துவட்டிக்கு எதிராக 2003இல் மாநில அரசு சட்டமும் இயற்றியது.

2009-10 முதல், தவணை தவறாமல் செலுத்தும் உழவருக்குப் பயிர்க்கடனில் வட்டியே இல்லை. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2021இல் மட்டும் மாநில அளவில் 16.43 லட்சம் உழவர்களின் ரூ.12,110 கோடி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளும் அப்பெருமையில் பங்கு கொண்டன.

இன்று பேரேடு கணினிக்கு மாறிவிட்டது. நபார்டு உதவியுடன் மத்திய கூட்டுறவு வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி முகாம்களில் ஏடிஎம் அட்டையைப் பயன்படுத்துவது, ரகசிய எண்ணைக் காப்பது, ரூ.5 லட்சம் வரையிலான வைப்புக்குக் காப்பீடு உள்ளதை அறிவது ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. ‘ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கம்மா’ என்று ஊழியர் எச்சரிக்கும்போது முன்வரிசையில் அமர்ந்து கேட்பவர்களில் பெரும்பாலோர் பாட்டிகளே. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் கூட்டுறவு வாரத்தில் ஏழு வண்ணக் கொடி ஏற்றப்படும் முதல் நாளில், பேத்திகளோடு அவர்களும் தவறாது வருகின்றனர்.