சுண்ணாம்புச் சாந்துச் சீரமைப்பு

சுண்ணாம்புச் சாந்துச் சீரமைப்பு என்பது பழைய செங்கல் சுவர்களின் இணைப்புகளில் சிதைந்த சாந்தை அகற்றி, அதே தன்மையுள்ள புதிய சாந்தை நிரப்பும் பழுதுபார்ப்பு முறையாகும். புதுச்சேரி, தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களின் பழைய வீடுகளுக்கு இது ஏற்றது.

சிதைவுக்கான காரணம்

கடற்காற்றும் நிலத்தின் ஈரமும் உப்பைச் சுவருக்குள் சேர்க்கின்றன. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி, நுண்துளைகளை அழுத்திச் சுவரைப் பொரியச் செய்கிறது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. ஈரம் அதன் வழியே வெளியேறுவதால் முதலில் சிதைவது சாந்தே. அதனை எளிதில் மாற்றலாம். சிமெண்டுச் சாந்து கடினமானது. ஈரத்தை எளிதில் வெளிவிடாது. அதனைப் பூசினால் உப்பு செங்கல்லில் தங்கி, செங்கல்லே உதிர்ந்துவிடும்.

செய்முறை

1. கூரைக் கசிவு முதலிய ஈர மூலங்களை முதலில் சரிசெய்தல்.
2. இணைப்பு அகலத்தின் இருமடங்கு ஆழத்திற்குப் பழைய சாந்தைக் கைக்கருவியால் சுரண்டுதல்.
3. தூசியையும் உப்பையும் உலர்ந்த தூரிகையால் நீக்கி, நீர் தெளித்தல்.
4. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் ஏறத்தாழ 1:3 அளவில் கலந்து, அடுக்கடுக்காக நிரப்புதல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது தமிழக மரபு.
5. சில நாட்கள் ஈரச்சாக்கால் மூடிவைத்தல். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகவே இறுகும்.

புதுச்சேரி

புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய வீட்டு முகப்புகளைச் சீரமைத்த திட்டம் 2008இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது. அந்நகரின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. மீளக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது.